‘பெர்மியேட்’ என்றால் வெறும் ‘பரவுவது’தானா? பால் பாக்கெட் முதல் கோர்ட் தீர்ப்பு வரை ஓர் ஆங்கில வினைச்சொல்

ஓர் அரசுத் துறையைப் பற்றி இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், “கரப்ஷன் இஸ் ஸ்ப்ரெடிங் இன் தி டிபார்ட்மென்ட்” என்கிறார். இன்னொருவர், “கரப்ஷன் பெர்மியேட்ஸ் தி டிபார்ட்மென்ட்” என்கிறார். அவசரத்தில் படித்தால் ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சம் நின்று படித்தால் வித்தியாசம் தெரியும். முதல் வாக்கியத்தில் ஊழல் பரவிக்கொண்டிருக்கிறது. அது இன்னும் எட்டாத மேசைகள் இருக்கலாம், தடுக்க நேரமும் இருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தின்படி, அந்தத் துறையில் சுத்தமான மேசை என்று ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு வினைச்சொல் மாறியதும் குற்றச்சாட்டின் எடையே கூடிவிட்டது. ‘பெர்மியேட்’ என்ற சொல்லின் பலமும் ஆபத்தும் இதுதான். ஆஃபீஸ் மெயிலில், அப்ரைசல் குறிப்பில், ஏஐ எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் என இந்தச் சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. அகராதியைத் திறந்தால் ‘பரவு’, ‘ஊடுருவு’ என்று இரண்டு சொற்களோடு முடிந்துவிடும். உண்மையில் இதற்கு என்ன பொருள்? எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது? பார்ப்போம்.

சொல் எங்கிருந்து வந்தது?

‘பெர்மியேட்’டின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘பெர்’ என்றால் ‘ஊடாக’, ‘வழியாக’. ‘மியாரே’ என்றால் ‘செல்லுதல்’. இரண்டையும் சேர்த்தால் ‘ஊடாகச் செல்லுதல்’. 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொல், முதலில் நீர், காற்று, வாசனை போன்றவற்றுக்கே பெரிதும் உரியதாக இருந்தது. எண்ணம், பயம், ஊழல் என்று கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கும் பின்னர் நீண்டது.

இதே ‘மியாரே’ வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை இஎன்டி டாக்டர்கள் பயன்படுத்துவார்கள். காதுத் துளையை மருத்துவத்தில் ‘மியேட்டஸ்’ என்பார்கள். ஒலி உள்ளே செல்லும் வழி என்பதால் அந்தப் பெயர்.

‘பெர்’ என்று தொடங்கும் சொற்களில் சுவாரசியமான சொந்தங்கள் உண்டு. ‘பெர்ஃப்யூம்’ அதில் ஒன்று. அதற்கு மூலப்பொருள் ‘புகை ஊடாக’ என்பது. சாம்பிராணிப் புகை துணிமணி, தலைமுடி, அறை எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து தங்குவதை நினைத்தால் புரியும். ‘பெர்மனென்ட்’, ‘பெர்மிட்’ ஆகியவற்றைப் பார்த்து நெருங்கிய சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றில் ‘பெர்’ மட்டும்தான் பொது. மிச்சமுள்ள வேர் வேறு.

உச்சரிப்பிலும் பலர் தடுமாறுவது உண்டு. இது மூன்று அசை கொண்ட சொல்: பெர்-மி-யேட். அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். ‘பெர்மேட்’ என்று இரண்டு அசையாகச் சுருக்குவது தவறு.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

இங்குதான் பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் கோட்டை விடுகின்றன. அகராதிகள் முதலில் தருவது ‘ஊடுருவு’. கட்டமைப்பில் பார்த்தால் பொருத்தமான சொல்தான். ‘ஊடு’ என்பது லத்தீன் ‘பெர்’ போல. ‘உருவு’ என்பது துளைத்துச் செல்வது. ஆனால் செய்தித் தமிழில் ‘ஊடுருவல்’ என்றதும் நினைவுக்கு வருவது எல்லையில் ரகசியமாக நுழைபவர்கள்தான். ‘கிண்டல் அவர் எழுத்து முழுக்க ஊடுருவியிருக்கிறது’ என்றால், ஏதோ கள்ளத்தனமாக நுழைந்துவிட்டது போல ஒரு தொனி வந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் அந்தத் தொனி கிடையாது.

பேச்சுத் தமிழில் இதைவிடக் கச்சிதமான ஒரு சொல் இருக்கிறது: ‘ஊறு’. மாங்காயில் உப்பும் காரமும் இறங்கி, கடைசியில் காய் எது, காரம் எது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிடுகிறது. அதனால்தான் அது ஊறுகாய். ‘லஞ்சம் ஊறிப்போன ஆஃபீஸ்’, ‘ரத்தத்திலேயே ஊறிப்போன பழக்கம்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த ‘ஊறிப்போன’தான் ‘பெர்மியேட்’டின் உள்ளர்த்தம்.

இடத்துக்கேற்ப வேறு சொற்களும் கைகொடுக்கும்:

- நீர் என்றால்: கசிந்து இறங்குதல், ஊறுதல்
- நல்ல வாசனை என்றால்: கமழ்தல், நிறைதல்
- கதை, கட்டுரையில் ஓர் உணர்வு என்றால்: விரவியிருத்தல், இழையோடுதல்
- எங்கும் இருக்கிறது என்று அழுத்திச் சொல்ல: நீக்கமற நிறைந்திருத்தல்

ஆக, ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டாமல், எது எதற்குள் போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஸ்ப்ரெட், பெர்வேட், பெர்கொலேட்… எல்லாம் ஒன்றா?

‘பரவுதல்’ குடும்பத்தில் ஆங்கிலத்துக்குப் பிள்ளைகள் அதிகம். ஒவ்வொன்றையும் ஒரு காட்சியோடு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஸ்ப்ரெட்: தோசைக்கல்லில் மாவைத் தேய்ப்பது. மேற்பரப்பில் விரிகிறது, கல்லுக்குள் இறங்கவில்லை. வதந்தி, நோய், தீ எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச் சொல். சந்தேகம் வந்தால் இதையே போடலாம்.

பெர்மியேட்: பிரியாணியில் மசாலா ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருப்பது. ஊடாகச் சென்று, எல்லா இடத்தையும் எட்டி, உள்ளேயே தங்கிவிடுகிறது.

பெர்வேட்: கிட்டத்தட்ட இதே பொருள். ‘பெர்’ உடன் ‘போதல்’ என்ற பொருளுடைய ‘வாதேரே’ சேர்ந்தது. ‘இன்வேட்’, ‘இவேட்’ ஆகியவை இதன் சொந்தங்கள். பயம், சோகம், அமைதி, வாசனை போன்றவற்றுக்கு அதிகம் வரும். மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவதை ‘பெர்வேட்’ என்று சொல்வதில்லை. அங்கே ‘பெர்மியேட்’தான். உச்சரிப்பில் ‘பெர்வேட்’டுக்கு அழுத்தம் இரண்டாவது அசையில்.

பெனட்ரேட்: ஆணி சுவருக்குள் இறங்குவது. ஓர் இடத்தில் துளைத்து உள்ளே போகிறது. சுவர் முழுக்கப் பரவ வேண்டிய அவசியமில்லை.

இன்ஃபில்ட்ரேட்: ஆட்கள் ரகசியமாக உள்ளே நுழைவது. உளவாளி ஓர் அமைப்புக்குள் புகுந்தால் இந்தச் சொல். செய்தித் தமிழின் ‘ஊடுருவல்’ பெரும்பாலும் இதற்கே இணை.

சாச்சுரேட்: பஞ்சில் இதற்கு மேல் ஒரு சொட்டுகூட ஏறாது என்ற நிலை. ‘மார்க்கெட் சாச்சுரேட் ஆகிவிட்டது’ என்பது இப்படித்தான். ‘பெர்மியேட்’ என்றால் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று பொருள். கொள்ளளவு நிரம்பிவிட்டது என்று பொருளல்ல.

பெர்கொலேட்: வடிகட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவது. இதற்குத் தமிழ் வீடுகளில் விளக்கமே தேவையில்லை. காபி ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குகிறதே, அதுதான். ஏரி, குளம் சார்ந்த அரசுத் திட்டங்களில் வரும் ‘கசிவுநீர்க் குட்டை’க்கு ஆங்கிலத்தில் ‘பெர்கொலேஷன் பாண்ட்’ என்று பெயர்.

ஒரே காலை நேரத்தில் இரண்டு சொற்களையும் பார்க்கலாம். டிகாக்‌ஷன் ஃபில்டருக்குள் ‘பெர்கொலேட்’ ஆகிறது. அதன் மணம் வீடு முழுக்க ‘பெர்மியேட்’ ஆகிறது.

வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

முதல் விதி: இது பெரும்பாலும் நேரடியாகச் செயப்படுபொருளை எடுக்கும். இடையில் ‘இன்’ தேவையில்லை. “தி ஸ்மெல் பெர்மியேட்டட் தி ஹவுஸ்” என்பது சரி. “பெர்மியேட்டட் இன் தி ஹவுஸ்” என்பது இயல்பான ஆங்கிலம் அல்ல. தமிழில் ‘வீட்டில் பரவியது’ என்று யோசித்து அப்படியே மாற்றுவதால் இந்த ‘இன்’ நுழைந்துவிடுகிறது.

இரண்டாவது விதி: இயக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் ‘த்ரூ’, ‘இன்டு’ சேர்க்கலாம். “வாட்டர் பெர்மியேட்ஸ் த்ரூ தி சாண்ட்” என்றால் மணலின் ஊடாக நீர் கசிந்து இறங்குகிறது. “தி டாம்ப் பெர்மியேட்டட் இன்டு தி வால்ஸ்” என்றால் ஈரம் சுவர்களுக்குள் இறங்கிவிட்டது.

மூன்றாவது விதி: செயப்பாட்டு வினையில் ‘பை’ அல்லது ‘வித்’ வரும். “தி ரூம் வாஸ் பெர்மியேட்டட் வித் ஸ்மோக்” என்றால் அறை முழுக்கப் புகை ஏறியிருந்தது.

நான்காவது விதி: எழுவாயாகப் பொதுவாக மனிதர்கள் வருவதில்லை. “ஹி பெர்மியேட்டட் தி கம்பெனி” என்று எழுதினால், அவர் ஏதோ வாயுவாக மாறிவிட்டது போல இருக்கும். அவருடைய செல்வாக்கு, பயம், சிந்தனை ஆகியவை எழுவாயாக வரலாம். “ஹிஸ் இன்ஃப்ளுயன்ஸ் பெர்மியேட்டட் தி கம்பெனி” என்பது சரி.

அடுத்தது, இதன் குடும்பத்துச் சொற்கள். ‘பெர்மியபிள்’ என்றால் நீரோ காற்றோ ஊடாகச் செல்லக்கூடியது. ‘இம்பெர்மியபிள்’ என்றால் எதுவும் ஊடுருவ முடியாதது. ‘செமி-பெர்மியபிள்’ என்பது பள்ளி உயிரியல் பாடத்தில் சவ்வூடுபரவலோடு படித்தது: சிலவற்றை மட்டும் விட்டு, மற்றதைத் தடுக்கும் சவ்வு. மண்ணில் நீர் எவ்வளவு எளிதாக இறங்கும் என்பதைச் சொல்வது ‘பெர்மியபிலிட்டி’. பிரான்ஸின் டிஜோன் நகரக் குடிநீருக்காக உழைத்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணலின் ஊடாக நீர் செல்லும் வேகத்துக்கான விதியை 1856-ல் வெளியிட்டார். அவர் நினைவாக, பாறை, மண் ஆகியவற்றின் ‘பெர்மியபிலிட்டி’யை அளக்கும் ஓர் அலகுக்கே ‘டார்சி’ என்று பெயர்.

பால் பாக்கெட்டில் பயமுறுத்திய சொல்

வினைச்சொல்லாக இருந்த ‘பெர்மியேட்’, தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பெயர்ச்சொல்லாகவும் ஆனது. வடிகட்டும் சவ்வின் ஊடாகச் சென்று மறுபக்கம் வருவது ‘பெர்மியேட்’. சவ்வைத் தாண்டாமல் இந்தப் பக்கமே தங்குவது ‘ரிடென்டேட்’.

பாலை மிக நுண்ணிய சவ்வில் வடிகட்டினால், கொழுப்பும் புரதமும் இந்தப் பக்கம் தங்கிவிடும். தண்ணீர், பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸ், தாது உப்புகள் போன்றவை அந்தப் பக்கம் போகும். அதுதான் பால் ‘பெர்மியேட்’. மாட்டின் தீவனம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்துப் பாலில் புரதத்தின் அளவு ஏறி இறங்கும். வருடம் முழுக்க ஒரே அளவில் வைக்க, பெரிய பால் நிறுவனங்கள் இந்தப் ‘பெர்மியேட்’டைப் பாலில் சேர்ப்பது உண்டு. பாலிலிருந்து பிரித்ததைப் பாலிலேயே சேர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் 2012-ல் ஆஸ்திரேலியாவில் இந்தச் சொல் நுகர்வோர் மத்தியில் பெரிய பேச்சானது. ‘பெர்மியேட் ஃப்ரீ’ என்ற வாசகத்தோடு பால் விற்பனைக்கு வந்தது. ‘சுகர் ஃப்ரீ’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்ற லேபிள்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ‘பெர்மியேட்’ என்பதும் ஏதோ வேண்டாத ரசாயனம் என்றே தோன்றும். பொருள் தெரியாத ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஃப்ரீ’ என்று போட்டாலே போதும், அந்தச் சொல்லின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

கேட்கப்பட வேண்டிய நியாயமான கேள்வி ஒன்றும் அதற்குள் இருந்தது. பிரித்துச் சேர்ப்பதால் பாலின் புரத அளவு குறைந்தபட்ச வரம்பை நோக்கி இறங்கினால், அதே விலைக்கு வாங்குபவருக்கு அது நியாயமா? இது தரம் பற்றிய கேள்வி. ‘பெர்மியேட் என்றால் விஷமா?’ என்பது பயம் பற்றிய கேள்வி. சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் முதல் கேள்வியைக் கேட்டிருக்கலாம். தெரியாததால் இரண்டாவது கேள்விதான் பலருக்கும் முதலில் வந்தது.

ஜிம்முக்குப் போகிறவர்களின் வே புரோட்டீன் டப்பாவுக்கும் இதே சவ்வுதான் காரணம். சீஸ் தயாரிப்பில் மிஞ்சும் நீரை வடிகட்டி, புரதத்தை இந்தப் பக்கம் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே காசு ‘ரிடென்டேட்’டுக்கு, ‘பெர்மியேட்’ துணைப் பொருள்.

ஆர்ஓ குடிநீரில் கதை தலைகீழ்

வீட்டிலுள்ள ஆர்ஓ சுத்திகரிப்பானில் இது அப்படியே மாறிவிடுகிறது. சவ்வின் ஊடாகச் சென்று டம்ளருக்கு வரும் தண்ணீர்தான் ‘பெர்மியேட்’. உப்பைச் சுமந்துகொண்டு இன்னொரு குழாய் வழியே வெளியேறுவதை மெக்கானிக்குகள் ‘ரிஜெக்ட் வாட்டர்’ என்பார்கள். சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘பெர்மியேட் டிடிஎஸ்’ என்று இருந்தால், குடிக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு என்று அர்த்தம். கழிவு நீரின் அளவு என்று நினைத்துப் பதற வேண்டாம்.

சென்னையின் கடல்நீர்க் குடிநீர் ஆலைகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. மீஞ்சூர் ஆலை 2010-லும், நெம்மேலியின் முதல் ஆலை 2013-லும் செயல்பாட்டுக்கு வந்தன. இரண்டும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. கடல்நீரை அதிக அழுத்தத்தில் சவ்வின் மேல் தள்ளும்போது, தண்ணீர் ஊடாகச் செல்லும், உப்பு பின்தங்கும். அந்த ஆலைகளில் ‘பெர்மியேட்’ என்றால் குடிநீர்.

ஆக, இந்தச் சொல்லுக்கு நல்லது, கெட்டது என்ற நிறம் சொந்தமாகக் கிடையாது. ஊடாகச் சென்றது எது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கோர்ட் தீர்ப்பில் ‘பெர்மியேட்’

இந்த வினைச்சொல்லின் முழு எடையையும் பார்க்க வேண்டுமென்றால், 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ‘ஹாரிஸ் எதிர் ஃபோர்க்லிஃப்ட் சிஸ்டம்ஸ்’ என்பது வழக்கின் பெயர்.

டென்னசி மாகாணத்தில் கருவிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் அது. அங்கே மேலாளராக வேலை பார்த்த பெண், நிறுவனத் தலைவர் தன்னைப் பெண் என்பதற்காகவே மற்ற ஊழியர்கள் முன்னிலையில் திரும்பத் திரும்ப இழிவுபடுத்தியதாகவும், பாலியல் ரீதியாகப் பேசியதாகவும் வழக்குத் தொடர்ந்தார். நேரில் புகார் சொன்னபோது நிறுத்திக்கொள்வதாகச் சொன்ன தலைவர், சில வாரங்களிலேயே மறுபடி ஆரம்பித்தார். 1987-ல் அந்தப் பெண் வேலையை விட்டார்.

கீழ் நீதிமன்றங்கள் அவருக்குச் சாதகமாக இல்லை. நடந்தது மோசம்தான்; ஆனால் அவருடைய மனநலத்தைக் கடுமையாகப் பாதிக்கும் அளவுக்கு இல்லை என்பது அவற்றின் பார்வை. உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாக மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். பாலினத்தின் பெயரால் மிரட்டலும் கேலியும் அவமதிப்பும் பணியிடம் முழுக்க ஊறிப்போயிருந்து, அது வேலையின் சூழலையே மாற்றும் அளவுக்குத் தீவிரமாகவோ பரவலாகவோ இருந்தால், சட்டம் மீறப்படுகிறது என்றார். அந்த ‘ஊறிப்போன’ இடத்தில் ஆங்கிலத் தீர்ப்பு பயன்படுத்திய சொல் ‘பெர்மியேட்டட்’. ‘பரவலாக’ என்ற இடத்தில் இருந்தது ‘பெர்வேட்’டின் பிள்ளையான ‘பெர்வேசிவ்’. பாதிக்கப்பட்டவர் மனம் உடைந்து நோயாளியாகும் வரை சட்டம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் தீர்ப்பின் சாரம்.

ஏன் ‘பெர்மியேட்’? ஒரு கிண்டலை மட்டும் தனியாக எடுத்தால், ‘ஜோக்தானே, இதுக்குப் போயா?’ என்று தள்ளிவிட முடியும். அதே கிண்டல் மீட்டிங்கிலும், லஞ்ச் மேசையிலும், வாடிக்கையாளர் முன்னிலையிலும் தொடர்ந்தால், அது காற்றைப் போல ஆகிவிடுகிறது; அங்கே வேலை செய்பவர் அதைச் சுவாசிக்காமல் இருக்க முடியாது. சம்பவங்களின் பட்டியலைத் தாண்டி, சூழலையே ஒரு குற்றமாகக் காட்ட அந்தச் சொல் தேவைப்பட்டது.

அது எல்லா அசௌகரியத்தையும் குற்றமாக்கவில்லை என்பதும் முக்கியம். எத்தனை முறை நடந்தது, எவ்வளவு கடுமையானது, உடல்ரீதியான மிரட்டலோ அவமானமோ இருந்ததா, வேலையைக் கெடுத்ததா என்று மொத்தச் சூழலையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதாவது, ‘பெர்மியேட்’ என்று சொன்னால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும்.

இந்தியாவில் புகார் எழுதுபவர் கவனிக்க

இந்த விஷயத்தில் இந்தியச் சட்டம் வேறு மாதிரி. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தில், விரும்பத்தகாத ஒரே ஒரு செயல்கூடத் துன்புறுத்தலாகக் கருதப்படலாம். மிரட்டும், அவமதிக்கும், விரோதமான பணிச்சூழலை உருவாக்குவதைப் பற்றியும் அதன் 3-வது பிரிவு தனியாகப் பேசுகிறது. எனவே, ‘ஆஃபீஸ் முழுக்க இப்படித்தான்’ என்று நிரூபித்தால்தான் புகார் செல்லும் என்று நினைத்து யாரும் தயங்க வேண்டியதில்லை.

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்; தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை விசாரணைக் குழு நீட்டிக்கலாம்.

புகார்க் கடிதத்தில் “டாக்சிக் கல்ச்சர் பெர்மியேட்ஸ் திஸ் ஆஃபீஸ்” என்று ஒரு வரி எழுதுவது எளிது. கேட்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து விசாரணைக் குழு எதையும் முடிவுசெய்ய முடியாது. எந்தத் தேதி, எந்த இடம், யார் என்ன சொன்னார், அப்போது யார் கூட இருந்தார் என்ற விவரங்கள்தான் புகாருக்குப் பலம். அவற்றை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் சூழலைப் பற்றி ஒரு வரி சேர்த்தால், அந்த வரிக்குத் தானாக எடை வரும்.

ஆஃபீஸ் ஆங்கிலத்தில் எங்கே போடலாம்?

புகார் போன்ற பெரிய விஷயத்தை விடுங்கள். தினசரி மெயிலிலும் இந்தச் சொல் தேவையில்லாமல் வந்து உட்காருவது உண்டு. சில உதாரணங்கள்:

“தி நியூஸ் பெர்மியேட்டட் தி வாட்ஸ்அப் குரூப்.” செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது, அவ்வளவுதான். இங்கே ‘ஸ்ப்ரெட்’ போதும்.

“ப்ளீஸ் பெர்மியேட் திஸ் மெசேஜ் டு யுவர் டீம்.” இது தவறு. ஒருவர் தகவலை எடுத்துச் சொல்வதற்கு ‘ஷேர்’, ‘பாஸ் ஆன்’, ‘சர்க்குலேட்’ என்று எளிய சொற்கள் இருக்கின்றன.

“எ சென்ஸ் ஆஃப் ஃபியர் பெர்மியேட்டட் தி ஆஃபீஸ் ஆஃப்டர் தி லே-ஆஃப்.” ஆட்குறைப்புக்குப் பிறகு அலுவலகம் முழுக்கப் பயம் நிறைந்திருந்தது. இது சரியான பயன்பாடு. பயம் ஓர் இருக்கையில் மட்டும் இல்லை, எல்லோரையும் எட்டியிருக்கிறது.

“கஸ்டமர் ஃபோகஸ் பெர்மியேட்ஸ் எவ்ரிதிங் வீ டூ.” இலக்கணப்படி சரி. ஆனால் நிறுவன இணையதளங்களில் இப்படியான வரிகளைப் படித்துப் படித்து வாசகருக்குச் சலித்துவிட்டது. வாடிக்கையாளர் புகாருக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்கிறீர்கள் என்று எழுதினால் அதைவிட நம்புவார்கள்.

சாட்பாட் எழுதிக் கொடுத்த வரைவில் இந்தச் சொல் இருந்தால், அப்படியே காப்பி-பேஸ்ட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. அந்த மெயிலுக்குக் கீழே இருக்கப்போவது உங்கள் பெயர். ‘எல்லா இடத்திலும் இருக்கிறது’ என்று நீங்கள் சொன்னதாகத்தான் பெறுபவர் எடுத்துக்கொள்வார்.

மூன்று கேள்விகள் போதும்

‘பெர்மியேட்’ எழுதக் கை போகும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம்:

- உள்ளே இறங்கியிருக்கிறதா? மேலோட்டமாகப் பரவியிருந்தால் ‘ஸ்ப்ரெட்’ போதும்.
- எல்லாப் பகுதிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா? ஒரு டீம், ஒரு மாடி, ஒரு அத்தியாயம் மட்டும் என்றால் அதை அப்படியே குறிப்பிட்டு எழுதலாம்.
- எளிதில் பிரித்தெடுக்க முடியுமா? முடியும் என்றால், அது இன்னும் ஊறவில்லை.

மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் தாராளமாக எழுதலாம். ஒன்று இடித்தாலும் எளிய சொல்லுக்குத் திரும்பிவிடுவது பாதுகாப்பு. ஒரு துறையையோ, ஒரு டீமையோ, ஓர் ஆளின் எழுத்தையோ பற்றி ‘முழுக்க முழுக்க இப்படித்தான்’ என்று சொல்லும் சொல் இது. அப்படிச் சொல்லும் முன் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும்.